அரிசி வாளிக்குப் பின்னால் ஒரு பற்றரி

இல்லை அம்மா, வேகமாக ஓட்டியதால் இல்லை. மோதவும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முதலில் இதைத்தான் கேட்பீர்கள்.

என் சமையலறை மேசையில் உங்கள் காரின் ஒயில் மூடி கிடக்கிறது. எஞ்சின் தலையில் திருகி வைக்கும் சின்னக் கறுப்பு மூடி. கார் திருத்தும் குகன் அண்ணை அதை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு என் கையில் தந்தார். "கொண்டுபோய் வைச்சுப் பாத்து யோசியும்" என்றார். உட்பக்கத்தில் வெளிர்மஞ்சளாக ஒரு பசை. பார்க்கப் புளித்த வெண்ணெய் போல. மணம் அப்படி இல்லை. பெற்றோல், ஈரம், பழைய இரும்பு. மூன்று நாளாக வீடு முழுக்க அந்த மணம். யன்னலைத் திறந்தும் போகவில்லை. மூடியைக் குப்பையில் போட்டால் போய்விடும். போடவில்லை.

ஒயிலில் தண்ணீர் கலந்தால் இப்படி ஆகுமாம். இங்கே கராஜ்காரர்கள் இதை மயோனேஸ் என்கிறார்கள்.

"சாப்பாட்டுப் பேரை வைச்சால் ஆக்கள் பயப்படாயினம் எண்டு நினைக்கிறாங்கள் போல" என்று குகன் அண்ணை சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, "ஆர் இதை விண்டரில ஸ்டார்ட் பண்ணினது?" என்று கேட்டார்.

நான் என்றேன்.

அது பாதி உண்மை. மற்றப் பாதியை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும் என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன்.

கரும்பச்சைக் கார். இரண்டு இருக்கை. மடித்து வைக்கிற துணிக்கூரை. என்னைவிட இரண்டு வயது இளையது. டோர்வல் விமான நிலையத்தில், விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் மேசையில், உங்களுக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடம் நின்ற லூசியிடம் இருந்து வாங்கினீர்கள். லூசிக்கு முழங்கால் போய்விட்டது, கிளச்சை மிதிக்க முடியவில்லை. உங்களுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்துக்குள் கார் வந்து நின்றது. நீங்கள் இறங்கினீர்கள். தலைமயிர் எல்லாம் குழம்பிப்போய் இருந்தது. அப்படி உங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெரியம்மா தொலைபேசியில் கேட்டா. "ரெண்டு சீற்றுக் காரோ? அப்ப குடும்பமாய்க் கோயிலுக்கு எப்பிடிப் போறது?"

"பஸ்ஸில போங்கோ" என்றீர்கள்.

அப்பா ஒருதடவை ஏறினார். முழங்கால் நெஞ்சில் முட்டுகிறது, காற்று காதுக்குள் போகிறது என்று வழிநெடுகக் குறை சொன்னார். இறங்கும்போது, "இது கார் இல்லை, செருப்பு" என்றார். அதற்குப் பிறகு அவரை நீங்கள் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை.

என்னைச் சிலசமயம் கூட்டிப்போனீர்கள். டோர்வலுக்கு மேற்கே ஏரிக்கரை வீதி. வேலைக்குப் போகும் அதே திசை, ஆனால் வேலைக்குத் திரும்பும் முனையில் நீங்கள் திரும்பவில்லை. நேரே போனீர்கள். அந்த முனையைத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் உங்கள் தோள் கொஞ்சம் இறங்கும். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "கதையாதே, கேள்" என்பீர்கள். எஞ்சின் சத்தத்தை. எனக்கு அதில் கேட்க எதுவும் இருக்கவில்லை. உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நொவெம்பர் முதல் ஞாயிறு, பனிக்காலம் முடியும்வரை காரைப் படுக்க வைக்கும் நாள். பெற்றோல் தாங்கியை நிரப்புவீர்கள். புது ஒயில். புகைக்குழாய்க்குள் எலி போகாமல் ஒரு துணி. கடைசியாகப் பற்றரி. அந்தக் காரின் பற்றரி முன்னால் இல்லை, பின்பெட்டிக்குள் ஒரு மூலையில். அதைக் கழட்டி, வீட்டு வாசலுக்கு ஏறும் இரும்பு வளைபடியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று தூக்கிக்கொண்டு வந்து, சமையலறையில் அரிசி வாளிக்குப் பின்னால் ஒரு பலகைத் துண்டில் வைப்பீர்கள்.

லூசி சொல்லித் தந்த விதி. நீங்கள் தமிழாக்கி வைத்திருந்தீர்கள். "ஒரு மணித்தியாலம் ஓட்டு. இல்லாட்டித் தொடாதே."

இன்னொன்றும் சொன்னீர்கள். குனிந்தபடி, வாளியைத் தள்ளிச் சரிசெய்தபடி, என்னைப் பாராமல். "அப்பாட்ட உந்தப் பற்றரியைக் குடுத்திடாதே, பிள்ளை. அவர் ஸ்டார்ட் பண்ணிப்போடுவார்."

நான் கொடுத்தேன்.

*

அப்பாவின் கதை உங்களுக்குத் தெரியும். நீங்கள் அதற்குள் இருந்தீர்கள். ஆனால் எனக்குத் தெரிந்த அளவை எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த அளவில்தான் பிழை இருந்தது.

யாழ்ப்பாணத்தில் அவரிடம் ஒரு வாடகைக் கார் இருந்தது. பொருளாதாரத் தடைக்காலம். பெற்றோல் இல்லை. கார் கொட்டிலுக்குள் கிடந்தது. கிடக்கிற எஞ்சின் இறுகிப்போகும் என்று, எங்கிருந்தோ வாங்கி மருந்துப் போத்தலில் பூட்டி வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சம் விட்டு, வெள்ளிக்கிழமை தோறும் ஸ்டார்ட் பண்ணுவார். ஐந்து நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்து ஐந்து நிமிடம். அதற்கு மேல் ஓடவிட்டால் அடுத்த வெள்ளிக்கு இருக்காது. சண்டை நெருங்கி ஊர் எல்லாம் வெளிக்கிட வேண்டிவந்த அன்று நான் உங்கள் வயிற்றில் ஆறு மாதம். அப்பா கொட்டிலுக்குள் போனார். சாவியைத் திருப்பினார். கார் ஸ்டார்ட் வந்தது.

கதை அங்கேதான் முடியும். எத்தனை தடவை கேட்டிருப்பேன். பிறந்தநாள்களில், விருந்தாளிகள் வந்தால், நான் பரீட்சைக்குப் பயந்தால். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பாத்தபடியாத்தான் அண்டைக்கு ஸ்டார்ட் வந்தது." ஆகவே நான் இருக்கிறேன். ஆகவே பரீட்சைக்குப் படி.

நீங்கள் தை மாதம் போனீர்கள். கார் அப்போது போர்வைக்குள் படுத்திருந்தது. உங்கள் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் போனபின், அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். கேட்டால் ஓம். இல்லாவிட்டால் வேண்டாம். நான் நகரின் மறுபக்கம் நோத்ர-டாம்-த-கிரேஸில் என் வீட்டைப் பூட்டிவிட்டு வில்லரேயில் உங்கள் வீட்டில் அவரோடு இருந்தேன். ஒருநாள் கஞ்சி வைக்க அரிசி எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். வாளியை இழுத்தார்.

"பிள்ளை, இதைக் கொண்டுபோய்ப் பூட்டுவமே?"

முப்பத்தைந்து நாளில் அவர் சொன்ன முதல் முழு வாக்கியம்.

உங்கள் குரல் எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். குனிந்து பற்றரியைத் தூக்கினேன். அவரால் அதைத் தூக்க முடிந்திருக்காது. நான்தான் படியிறக்கினேன்.

*

பிறகு வெள்ளிக்கிழமைகள்.

ஆறு மணி. நான் என் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன், வேலை முடிந்து மெற்றோ ரயிலில் அப்பாவிடம் வருவேன். சந்தில் பனி வாரும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன பனி கராஜ் கதவை மூடியிருக்கும். அதை வாரவேண்டும். அப்பா வீட்டில் விளக்கு வைத்துவிட்டுத் திருநீற்றோடு வருவார், ஸ்டியரிங்கில் ஒரு கீற்றுப் பூசுவார். பிறகு மற்ற இருக்கையில் ஏறி உட்காருவார். நீங்கள் இருந்த காலத்தில் ஒருமுறை உட்கார்ந்த இருக்கை. செருப்பு என்று சொன்ன கார். முழங்கால் நெஞ்சில் முட்டியபடி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

நான் சாவியைத் திருப்புவேன்.

கதவை மூடினால் புகை. திறந்தால் குளிர். திறந்து வைப்போம். பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை உறைகுளிரில் ஐந்து நிமிடம், இரண்டு பேர், நகராத காரில், சந்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு. அப்போது அப்பா கதைப்பார். முட்டை விலை. பக்கத்து வீட்டுக்காரியின் நாய். நீங்கள் கத்தரிக்காயை எப்படி வெட்டுவீர்கள் என்று. வீட்டுக்குள் வராத கதை எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குள் வரும். "காணும், போதும். பெற்றோலை வீணாக்காதே" என்பார். நிறுத்துவேன். கதையும் நிற்கும்.

ஒருமுறை, பத்து நிமிடம் விடுவோமா என்று கேட்டேன். பெற்றோல் நிலையம் இரண்டு தெரு தள்ளி. அப்பா என்னைப் பார்த்த பார்வை, நான் ஏதோ மருந்துப் போத்தலைத் தட்டிவிட்டது போல.

ஒயில் மாற்றவேண்டும் என்று இரண்டுமுறை சொன்னேன். "ஓடாத காருக்கு என்னத்துக்கு ஒயில்?"

கோடையில் ஓட்டியிருக்கலாம். ஓட்டவில்லை. ஓட்டினால் அது என் கார் ஆகிவிடும் என்று தோன்றியது. உங்கள் காராகவும் இல்லை, என் காராகவும் இல்லை, வெள்ளிக்கிழமையின் கார். நண்பர்கள் வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். தூரத்தில், ஹாலிஃபாக்ஸில் ஒரு வருட வேலை வந்தது. நல்ல வேலை. இந்த ஊரிலேயே இருக்க விருப்பம் என்று எழுதி அனுப்பினேன். பொய்யும் இல்லை. ஆனால் எழுதும்போது அந்தக் கராஜ் கதவின் கைப்பிடிதான் கண்ணுக்குள் நின்றது.

இரண்டு வருடமும் நாலு மாதமும். மூன்று பனிக்காலம்.

இந்த மே கடைசியில் ஒரு ஞாயிறு, ஏனென்று சொல்லத் தெரியவில்லை, காப்புறுதியைப் புதுப்பித்தேன், கூரையை மடித்தேன், உங்கள் ஏரிக்கரை வீதியில் போனேன். வேலைக்குத் திரும்பும் முனையைத் தாண்டினேன். என் தோள் இறங்குகிறதா என்று பார்த்தேன். அப்போது சத்தம். உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல. முதலில் மெல்ல. காலை அழுத்தினால் வேகமாக. விட்டால் மெதுவாக. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். எதிரே ஏரி. நாய்களோடு ஆட்கள் நடந்துபோனார்கள். தட்டியது யார் என்று யோசித்துக்கொண்டு, இழுவை வண்டி வரும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.

*

குகன் அண்ணையை உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நொவெம்பரும் ஒயில் மாற்றித் தந்தவர். எல்லாவற்றையும் அவர் ஒரு பென்சிலால் என் முன்னால் மட்டையில் கீறி விளங்கப்படுத்தினார். குளிரில் ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சினுக்குள் ஈரம் பிடிக்கும். எஞ்சின் நன்றாகச் சுட்டால் அது ஆவியாய்ப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் சுடாது. ஈரம் ஒயிலோடு தங்கும். எரியாத பெற்றோலும் வழிந்து சேரும். ஒயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஒயில் உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங்கைக் காக்காது, அது தேய்ந்து தட்டத் தொடங்கும்.

"நூறு தரம் சாப்பிடக் கூப்பிட்டு, வாயில வைக்க முந்தி எழுப்பி விட்டமாதிரி" என்றார். "ஒருத்தரும் தொடாமல் விட்டிருந்தால் இது இன்னும் இருவது வருசம் கிடந்திருக்கும், தங்கச்சி."

"இப்ப என்ன செய்யலாம்?"

"ரெண்டு வழி. ஒண்டு, இதையே இறக்கித் திறக்கிறது. கிராங்க் தண்டைக் கடைஞ்சு, பெயரிங் எல்லாம் புதுசு போட்டு, திருப்பி அடுக்கிறது. ரெண்டு மாசம் போகும். இன்னும் என்னென்ன போயிருக்கெண்டு திறக்கத்தான் தெரியும். மற்றது, லாவாலில இதே வருசக் கார் ஒண்டு கிடக்கு. பின்னால அடிபட்டது. முன்பக்கம் சுகமாய் இருக்கு. அந்த எஞ்சினைத் தூக்கி இதுக்குள்ள வைக்கிறது. மூண்டு கிழமை. செலவு கிட்டத்தட்ட ஒண்டுதான்."

"நீங்கள் எண்டால்?"

"என்ர கார் எண்டால் மாத்துவன்." பென்சிலைக் காதில் செருகினார். "ஆனால் அது என்ர அம்மான்ர எஞ்சின் இல்லையே."

அப்பாவிடம் வழிகளை மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. பழைய கார், போய்விட்டது என்றேன். அவர் ஒரு நொடி யோசிக்கவில்லை.

"திறக்கட்டும். எவ்வளவு நாள் எண்டாலும் பரவாயில்லை. அம்மான்ர எஞ்சினை ஏன் குப்பையில போடுறது? நானும் வந்து நிக்கிறன். கழட்டிறதை எல்லாம் நான் துடைச்சுக் குடுக்கிறன்." அலுமாரியில் இருந்து பழைய சேட்டுகளை எடுத்துத் துண்டு துண்டாய்க் கிழிக்கத் தொடங்கினார். துடைக்க. அவர் முகத்தில் ஒரு வேலை வந்திருந்தது.

அதுதான் அம்மா, நான் அடைபட்ட இடம்.

திறந்தால் அவர் அங்கே நிற்பார். ஒவ்வொரு துண்டாக வாங்கித் துடைப்பார். முன்பு எஞ்சின் கழட்டிய மனிதர். தேய்ந்த பெயரிங்கை விரலால் தடவினாலே அவருக்கு எல்லாம் விளங்கும். தன் வெள்ளிக்கிழமைதான் உங்கள் காரை முடித்தது என்று. மாற்றினால் அவருக்கு எதுவும் தெரியவராது. ஆனால் உங்கள் எஞ்சின் யாரோ ஒருவரின் இரும்புக் குவியலுக்குப் போகும். நான் அதைத் துணிந்து செய்தேன் என்று அவர் நினைப்பார், நினைத்துக்கொண்டே இருப்பார்.

குகன் அண்ணையிடம் தொலைபேசியில் கேட்டேன். திறக்கும்போது அப்பாவிடம் வேறு ஏதாவது காரணம் சொல்ல முடியுமா?

"பொய் சொல்லமாட்டன். கேட்டால் சொல்லுவன். கேக்காட்டிச் சொல்லன்." பிறகு, "சனிக்கிழமைக்குள்ள ஒண்டைச் சொல்லும். கார் லிஃப்டில நிக்குது. எனக்கு இடம் வேணும்."

மூன்று நாளாக மூடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காரை அப்படியே விற்கலாம். அப்பாவை ஏதாவது சொல்லி மறிக்கலாம். ஒவ்வொரு வழியாகப் போய் ஒவ்வொரு கதவாகத் திரும்பி வருகிறேன். நீங்கள் பற்றரியை ஒளித்தீர்கள். அதுதான் சரியான வழி. ஒரு விளக்கமும் இல்லை, சண்டையும் இல்லை. வாளிக்குப் பின்னால். நான் அதைத் தூக்கி வெளியே எடுத்தேன், இப்போது அதைத் திரும்ப வைக்க இடமில்லை.

இன்று வியாழன். இதோடு நிறுத்துகிறேன்.

*

இன்று ஞாயிறு.

வெள்ளிக்கிழமை நான் போகவேண்டிய தேவை இருக்கவில்லை. கார் குகன் அண்ணையிடம். ஆனாலும் ஐந்தரைக்கு மெற்றோவில் இருந்தேன். கால் பழகிவிட்டது. மூடி கைப்பைக்குள் இருந்தது.

சந்தில் எங்கள் கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே கார் இல்லாத இடம். தரையில் நாலு ரயர் அடையாளம், நடுவில் ஒரு ஒயில் கறை. அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மற்ற இருக்கை இருந்திருக்கும் சரியான இடத்தில். கையில் மணிக்கூடு.

"கார் இல்லை எண்டு தெரியும்" என்றார், நான் கேட்காமலே. "வீட்டில இருக்க ஏலாமல் கிடந்தது."

நான் பனிக்கு விசிறும் உப்பு வாளியைக் கவிழ்த்து மற்றப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சந்தைப் பார்த்தோம். எதிர்வீட்டுக் கொடியில் துணிகள். ஆனி மாத வெயில் இன்னும் சுவரில் நின்றது.

"நாளைக்குக் குகனுக்குச் சொல்லவேணும்" என்றேன்.

"அதுதான் சொல்லியாச்சே. திறக்கட்டும்."

"அப்பா. நாங்கள் ஸ்டார்ட் பண்ணினபடியாத்தான் அது போனது."

அவர் திரும்பவில்லை. நான் மூடியை எடுத்துக் கொடுத்தேன். பையைப் பிரித்தார். பசையை இரண்டு விரலால் தேய்த்தார். மணந்தார். நான் விளங்கப்படுத்த ஆயத்தம் செய்து வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் தேவைப்படவில்லை.

"தண்ணி" என்றார்.

"ஓம்."

"அஞ்சு நிமிசம் காணாது."

"இஞ்சத்தைக் குளிருக்குக் காணாது."

"அங்கை காணும்."

"ஓம் அப்பா. அங்கை காணும்."

விரலைக் காற்சட்டையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அம்மாக்குத் தெரியுமோ?"

"தெரியும். அதுதான் கழட்டி அரிசி வாளிக்குப் பின்னால வைச்சவ."

"நான் கள்ளருக்குப் பயந்து எண்டெல்லோ நினைச்சன்."

"கள்ளருக்கில்லை. உங்களுக்கு."

ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு, நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அதைவிடப் பெரிய கேள்வி.

"உனக்கும் தெரியுமோ?"

"தெரியும்."

"பேந்து ஏன் தூக்கிக்கொண்டு வந்தனி?"

"நீங்கள் கேட்டனீங்கள்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து நிமிடம் எப்போதோ போயிருக்கும். காணும் என்று சொல்லவில்லை.

"அந்தக் கார் பேந்து என்ன ஆனது எண்டு உனக்குச் சொல்லேல்லை என்ன?"

"ஸ்டார்ட் வந்தது."

"ஸ்டார்ட் வந்தது. ஏழெட்டுக் கட்டை போனது. பேந்து நிண்டிட்டுது. எஞ்சின் நல்லாத்தான் இருந்தது, விடப் பெற்றோல் இல்லை. சனம் எல்லாம் நடக்குது. நாங்களும் இறங்கி நடந்தம். நான் பற்றரியை மட்டும் கழட்டினன். லைற்றுக்கு ரேடியோவுக்கு உதவுமெண்டு. அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு, நான் அதைத் தூக்கிக்கொண்டு."

"கார்?"

"றோட்டுக்கரையில." கையால் சந்தின் ஓரத்தைக் காட்டினார், அங்கே கிடப்பது போல. "நான் திரும்பித் திரும்பிப் பாத்தன். உன்ர அம்மா சேட்டில பிடிச்சு இழுத்தவ. 'கார் கிடக்கட்டும், நடவுங்கோ' எண்டு."

முப்பது வருடம் நீங்கள் இருவரும் இதை எனக்குச் சொல்லவில்லை. ஏழெட்டுக் கட்டை, ஏழெட்டு மைல். அவ்வளவுதான் ஓடியிருக்கிறது, நான் பிறந்ததற்குக் காரணமான கார். மிச்சத் தூரம் எல்லாம் உங்கள் கால்.

"மாத்தச் சொல்லு" என்றார் அப்பா.

"திறக்கவேண்டாமோ?"

"என்னத்துக்கு? உள்ளுக்க என்ன கிடக்குமெண்டு எனக்குத் தெரியும்." எழும்பினார். வாளியை நிமிர்த்தி வைத்தார். "ஆனால் குகனிட்ட இருந்து பற்றரியை நீ இப்பவே கொண்டுபோ. உன்ர வீட்டை. எங்கை வைச்சிருக்கிறாய் எண்டு எனக்குச் சொல்லாதே."

"இப்ப ஆனி மாசம் அப்பா. விண்டருக்கு எவ்வளவு கிடக்கு."

"பேந்து எனக்கு மனம் மாறிப்போடும்."

கராஜ் கதவை இருவருமாக இழுத்து மூடினோம். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இரண்டு பேருக்கும் தெரியும் என்பது இன்னொரு சின்ன அறை. வளைபடியில் பாதி ஏறி நின்று அவர் திரும்பினார். "வாற வெள்ளி வருவாய்தானே?"

"வாறன்" என்றேன்.

மேலே வீட்டில், கிழித்த சேட்டுத்துண்டுகள் கதிரையில் அடுக்கியபடி இருந்தன.  

புது எஞ்சின் உங்கள் சத்தம் போடாது. யாருடைய சத்தம் என்று தெரியாது. அந்தச் சத்தத்தை ஒரு மணித்தியாலம் முழுக்கக் கேட்கவேண்டும், அல்லது தொடக்கூடாது. உங்களிடமிருந்து எனக்கு வந்தவற்றில் இந்த ஒரு விதியைத்தான் மீறினேன். அதனால் இதுதான் எனக்கு மனப்பாடம். மற்ற இருக்கையில் அப்பா ஏறுவாரா, ஓடுகிற காரில், காற்று காதுக்குள் போக, தெரியவில்லை. ஒரு மணித்தியாலம் என்ன கதைப்பார் என்றும் தெரியவில்லை. கதையாதே, கேள் என்று அவரிடம் சொல்ல என்னால் முடியாது.

சனிக்கிழமை காலை குகன் அண்ணையிடம் போய், மாற்றச் சொன்னேன். பற்றரியைக் கழட்டித் தரவும் கேட்டேன். அவர் பின்பெட்டியைத் திறந்து கழட்டினார். "புது எஞ்சினுக்கு இது வேணுமே?" என்றார். வரும்போது கொண்டுவாறன் என்றேன். அப்பா மரக்கறிக்குக் கொண்டுபோகும் இரட்டைச் சில்லு வண்டிலில் அதை வைத்து மெற்றோவில் கொண்டுவந்தேன். என் வீட்டுப் படிகளில் ஒவ்வொரு படியாக நின்று நின்று தூக்கினேன். என்னிடம் அரிசி வாளி இல்லை, ஒரு சின்ன அரிசிப் பைதான். அதற்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். மறையவில்லை. மதியம் போய் மூடிபோட்ட பெரிய அரிசி வாளி ஒன்று வாங்கிவந்தேன்.